தன்பழி ஆணை

இறந்துபோன பேரரசர் அன்று காலை மூன்று ஆணைகளைப் பிறப்பித்தார். கீழ்வளையத்துப் பள்ளிகளுக்கு விளக்கு நேரத்தை நீட்டினார். நெசவாலையில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் முறையீட்டை ஏற்றுக்கொண்டார். பனிக்குழாய் வேலையாட்களுக்கு இரண்டாவது சோடிக் கையுறை கொடுக்கச் சொன்னார். மூன்றுமே நல்ல ஆணைகள். அவர் பிறப்பித்தவற்றில் கெட்டது என்று எதையும் யாராலும் காட்ட முடியாது. அவர் இறந்து பூமிக் கணக்கில் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

சனிக்கோளின் டைட்டன் நிலவில் புதுச் சாங்கான் நகரத்தை நிறுவியவர்கள் சீனத்தின் பழைய வழக்கங்களை ஒன்று விடாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். அவற்றில் ஆட்சிப்பெயர் ஒன்று. அரியணை ஏறும் அரசர் காலத்துக்கே ஒரு பெயர் சூட்டுவார். வருடத்தின் நடுவில் அவர் இறந்துபோனாலும் அந்த வருடம் முடியும்வரை காலம் அவர் பெயரில்தான் ஓடும். புதியவரின் பெயர் புத்தாண்டில்தான் தொடங்கும். பூமியில் இதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மிஞ்சிப்போனால் சில மாதங்கள். ஆனால் நிறுவியவர்களுக்கு ரோஷம் அதிகம். பூமியின் வருடம் நமக்கெதற்கு, சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றி வருவதே இனி நம் வருடம் என்று நாட்காட்டியை மாற்றி எழுதினார்கள். அது ஏறக்குறைய முப்பது பூமி வருடம். இந்த இரண்டு வழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள்தான்.

ஹெங்மிங் பேரரசர் புத்தாண்டு அன்று அரியணை ஏறினார். ஹெங்மிங் என்றால் நிலைத்த ஒளி. ஒரு பூமி மாதம் நிறைவதற்குள் காய்ச்சல் கண்டு இறந்தார்.

முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருடம் தாழ்ந்தவனும் இல்லை என்று கீழ்வளையத்துத் தமிழர்கள் சொல்வார்கள். பினாங்கிலிருந்து பனி வெட்ட வந்தவர்களின் வம்சம் அவர்கள். சனியின் சுற்றைக் கணக்குப் பார்த்துச் சொன்ன பழமொழி அது. சனியின் வாசலிலேயே வந்து குடியேறிய பிறகு, செத்துப்போன ஒருவர் முப்பது வருடம் வாழ்வதை அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தது.

காலம் யார் பெயரில் ஓடுகிறதோ அவரே ஆணையிட வேண்டும் என்பது புதுச் சாங்கானின் சட்டம்; அதற்காகச் செய்யப்பட்ட பொறிதான் ஆட்சிநீட்டி. அரியணையில் அமர்ந்தது முதல் கண்மூடும்வரை பேரரசர் பேசிய ஒவ்வொரு சொல்லையும், யாரைப் பார்த்துப் புருவம் நெரித்தார், எந்த முறையீட்டைக் கேட்டு நாடித்துடிப்பு ஏறியது என்பதையும் அரண்மனைப் பதிவாளர்கள் பதிந்து வைத்திருந்தார்கள். அத்தனையும் அந்தப் பொறிக்கு ஊட்டப்பட்டது. புதிதாக ஒரு கேள்வி வந்தால், அவர் உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கணித்து அவர் குரலிலேயே அது சொல்லும். அதுவே ஆணை. மூச்சுக் காற்றைக் குழாயில் வாங்கி வாழும் ஊரில் அரியணைச் சண்டை வந்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சாவு. ஆகவே கைக்குழந்தையாக இருந்த இளவரசர் புத்தாண்டுக்காகக் காத்திருக்க, ஊர் பொறியின் சொல்லுக்குத் தலைவணங்கிப் பழகிக்கொண்டது.

அந்தப் பொறியின் தலைமைக் காப்பாளர் அஞ்சலை. கீழ்வளையத்திலிருந்து அரண்மனைப் பொறியியல் துறைக்குள் நுழைந்த முதல் பெண். அவளும் பேரரசரை நேசித்தாள். அதற்குக் காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது.

அவள் கணவன் சன்னாசி காற்றுக்குழாய் வேலை பார்த்தவன். முந்தைய பேரரசரான ஹெங்மிங்கின் தந்தை காலத்தில் பதவிக்கு ஏற்ற காற்று என்று ஒரு முறை இருந்தது. மேல்வளையத்து அதிகாரிகளுக்கு அடர்ந்த காற்று, கீழே இருப்பவர்களுக்கு மெலிந்த காற்று. பிரசவ விடுதியில் குழந்தைகள் நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, மேலே போகும் குழாய் ஒன்றை சன்னாசி கீழே திருப்பிவிட்டான். குழந்தைகள் பிழைத்தன. அவனுக்கு ஆழ்சுரங்கத்தில் ஆயுள் தண்டனை. அங்கே போனவர்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. அடியில் பனி பாறையாக இறுகிக் கிடக்கும், வெட்டும்போது வெடித்துச் சரியும். உடுப்பின் மூட்டுகள் குளிரில் விரிசல் விடும், அதன் வழியே புகும் குளிரில் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகும்.

ஹெங்மிங் பேரரசர் தம் ஒரு மாதத்தில் செய்தது இதுதான்: எல்லா வளையங்களுக்கும் ஒரே காற்று என்றார். ஆழ்சுரங்கத்தை மூடி, கைதிகளை வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய தந்தை காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்கும் வழக்கம் உள்ளவர். அதைக் கண்டு மனம் கசந்திருந்தவர், ஒரு அரசரின் ஆணையை அந்த வருடத்துக்குள் அந்த அரசரைத் தவிர வேறு யாரும் மாற்றக்கூடாது என்று சட்டமும் செய்தார். ஊரே அழுது கொண்டாடியது. எட்டு பூமி வருடம் சுரங்கத்தில் கிடந்த சன்னாசி பாதி நுரையீரலோடு வீடு வந்து சேர்ந்தான்.

இப்போது அந்தப் பாதியும் திணறிக்கொண்டிருந்தது.

"பசியாறிட்டுப் போ லா. அரண்மனைக்கு ஓடுறதுக்கு என்ன அவசரம்? அங்க ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கறவருக்கு எங்கயும் போற சோலி இல்ல," என்றான் சன்னாசி. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். சுவரில் சாய்ந்தபடிதான் அவனால் உட்கார முடிந்தது. படுத்தால் நெஞ்சு அடைத்தது.

"பேசாத. மூச்சை மிச்சம் பண்ணு."

"மிச்சம் பண்ணி யாருக்குக் குடுக்கப் போறேன்? ஒனக்குத்தான்."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் கிளம்பினாள்.

மேல்மட்டப் பனியில் பெரும்பாலும் தார் கலந்திருக்கும். வடிகட்டி அதைப் பிரித்து, நீரைப் பிளந்து, மூச்சுக்காற்று எடுப்பார்கள். இந்தப் பதினோரு வருடத்தில் தூய பனி கிடைத்த மேல்மட்டக் குவாரிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மிஞ்சியது தார்தான். வடிகட்டிகள் அடைத்துக்கொண்டே இருந்தன, காற்று நாளுக்கு நாள் மெலிந்தது. எல்லோருக்கும் சமமாகவே மெலிந்தது என்பது உண்மை. ஆனால் நல்ல நெஞ்சு உள்ளவனுக்கு அது தலைவலி, சன்னாசி போன்றவர்களுக்கு அது சாவு. அவனோடு விடுதலையானவர்களில் பலர் அந்தப் பருவத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தூய பனி ஆழ்சுரங்கத்தில்தான் இருந்தது.

பேரமைச்சர் ஃபாங் லீ மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார். அறுபது கடந்த பெண்மணி. ஹெங்மிங் பேரரசரின் தலையில் மணிமுடி வைக்கும்போது தட்டை ஏந்தி நின்றவர். ஆட்சிநீட்டியின் முன்னால் வழக்கம்போல ஒரு கிண்ணம் சோறும் ஒரு கோப்பைத் தேநீரும் வைக்கப்பட்டிருந்தன. ஃபாங் மண்டியிட்டு முறையீட்டை மறுபடியும் படித்தார். கைதிகள் வேண்டாம், விருப்பப்பட்டு வருபவர்கள் போதும். குறுகிய முறைநேரம், புதிய உடுப்பு, இரட்டைக் கூலி. ஆழ்சுரங்கத்தை மட்டும் திறக்க அனுமதி தரவேண்டும்.

"ஒருவர் மூச்சுவிடுவதற்காக இன்னொருவரின் மூச்சை நிறுத்தமாட்டேன்," என்றது பேரரசரின் குரல். மென்மையான குரல். சுரங்கத்தை மூடிய அன்று அவர் அப்படியே சொன்னதுதான்.

அஞ்சலை முன்னால் வந்தாள். காப்பாளர் பேசக்கூடாது என்று விதி இல்லை, பேசியவர்கள்தான் இல்லை.

"பேரரசே, தங்கள் ஆணைகளில் ஒன்று தவறாகிப்போனால் தாங்கள் என்ன செய்வீர்கள்?"

பொறி பதிவுகளைத் தேடிப் பார்த்தது. அது அவ்வளவு நேரம் யோசித்து அவள் பார்த்ததில்லை.

"அப்படி ஒன்று நேரவில்லை," என்றது.

அதில் ஆணவம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. பணிமனைக்குத் திரும்பி, ஊட்டப்பட்ட பதிவு முழுவதையும் துழாவினாள். அந்த ஒரு மாதத்தில் பேரரசர் கோபப்பட்டிருக்கிறார், சிரித்திருக்கிறார், தந்தைக்காக அழுதிருக்கிறார். தவறு செய்துவிட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்ல நேரமே இருக்கவில்லை. ஓர் ஆணை ஊருக்குள் போய், நடைமுறையாகி, எங்கோ ஓரிடத்தில் முள்ளாகக் குத்தி, அந்த வலி திரும்பி அரண்மனைக்கு வருவதற்கு வருடங்கள் ஆகும். அவர் அதற்குள் போய்விட்டார். வருத்தப்படத் தெரியாத ஒரு நல்லவரைத்தான் இவர்கள் அரியணையில் வைத்திருந்தார்கள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இங்கே அரசரே தெய்வமாகிவிட்டதால் நின்று நிதானமாக நடந்தது அந்தக் காரியம்.

"அவர் இளவரசராக இருந்த காலத்தில் எவ்வளவோ தடவை மன்னிப்புக் கேட்டிருப்பாரே, அந்தப் பதிவுகளைக் கொடுத்தால் என்ன?" என்று ஃபாங்கிடம் கேட்டாள்.

"முடிசூடும் முன் பேசியது அரசரின் சொல் ஆகாது. அதை ஊட்டுவது ராஜத்துரோகம். உன் தலையும் போகும், என் தலையும் போகும்." ஃபாங் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேறொரு வழி இருக்கிறது. பஞ்சமோ வெள்ளமோ வந்தால் முன்னாளில் பேரரசர்கள் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு ஊரறிய ஓர் ஆணை எழுதுவார்கள். தன்பழி ஆணை என்று பெயர். அதை எழுதும்படி வேண்ட அமைச்சருக்கு உரிமை உண்டு."

"அவருக்கு அது எழுதத் தெரியாதே."

"பழைய தன்பழி ஆணைகள் எல்லாம் சடங்கு நூல்களில் இருக்கின்றன. சடங்கு எல்லா அரசர்களுக்கும் பொது, அதை ஊட்டுவதற்குத் தடையில்லை. அவர் வருந்தக் கற்றுக்கொள்ளட்டும் அஞ்சலை. வருந்தினால் திருந்துவார்."

அஞ்சலைக்கு அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

நூற்றாண்டு நூற்றாண்டாக எழுதப்பட்ட தன்பழி ஆணைகளைத் திரட்டி ஊட்டினாள். மூல மொழி கடினமானது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிக்க அவகாசம் இல்லை, சன்னாசியின் உதடுகள் கருத்துக்கொண்டே வந்தன. பொறிக்குள் அந்தச் சொற்கள் ஊறுகின்றனவா என்று மட்டும் பார்த்தாள். பணிமனைச் சோதனையில் ஒரு பிற்பகல் அந்தக் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது: "நான் தவறு செய்தேன்."

அஞ்சலை வாய்விட்டு அழுதாள். அந்த மூன்று சொல் போதும் என்று நினைத்தாள். எது தவறு என்று அவள் கேட்கவில்லை.

ஃபாங் முறைப்படி வேண்டினார். பேரரசர் தம் முதல் தன்பழி ஆணையை ஊர் முழுவதும் கேட்க வாசித்தார். "வானம் பனியை ஒளித்துக்கொண்டதற்கு நானே காரணம். குடிமக்கள் திணறுகிறார்கள், பழி என்னுடையது. ஆழ்சுரங்கத்தை மூடியது என் பிழை. அது திறக்கப்படட்டும்."

தெருக்களில் ஆட்கள் மண்டியிட்டார்கள். தன் தவறைத் தானே சொல்லும் அரசரை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. விருப்பத் தொண்டர்கள் வரிசையில் நின்று உடுப்பு வாங்கினார்கள். ஆழத்துப் பனி மேலே வந்தது, கண்ணாடிபோல, தார் துளிகூட இல்லாமல். சில நாட்களில் காற்று அடர்ந்தது. சன்னாசி முதுகைக் கீழே வைத்துப் படுத்தான். அவன் அப்படிப் படுத்து அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அடியே, ஒன் தவுக்கே பரவாயில்ல," என்றான், முதலாளியைக் கீழ்வளையத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரே மூச்சில் சொன்னான். "இவ்ளோ பெரிய ஆளு தப்புன்னு ஒத்துக்கிட்டாரே. நம்ம ஊர் மேஸ்திரி ஒருத்தன்கூட ஒத்துக்கிட்டதில்ல."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எனக்கும் சொல்லிக் குடேன். நேத்து ஒன் கறிய நாந்தான் தின்னேன்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான் கடைசி.

அடுத்த நாள் காலை, யாரும் வேண்டாமலே, பேரரசர் இரண்டாவது தன்பழி ஆணையைப் பிறப்பித்தார்.

அஞ்சலை மண்டபத்தில் நின்று அதைக் கேட்டாள். பிழை சுரங்கத்தோடு நிற்கவில்லை என்றது குரல். தந்தை இறந்து மூன்று ஆண்டுகள் நிறையும்வரை அவர் வழியை மகன் மாற்றக்கூடாது என்பது சடங்கு. பழைய பேரரசர்கள் பலர் பழியேற்று எழுதியபோது இந்தக் குற்றத்தைத்தான் சொல்லி அழுதிருக்கிறார்கள். "நானோ தந்தையின் உடல் ஆறும் முன் அவர் வழிகள் அத்தனையையும் மாற்றினேன். வானம் சினந்ததில் வியப்பில்லை. தந்தை வைத்தபடியே எல்லாம் மீளட்டும். காற்று பதவிக்கேற்றபடி பகிரப்படட்டும். நான் கருணை என்று நினைத்து வெளியே விட்ட கைதிகள் தங்கள் தண்டனைக்குத் திரும்பட்டும்."

புதுச் சாங்கானில் மூன்று ஆண்டுகள் என்றால் தொண்ணூறு பூமி வருடம்.

"இதைத் தள்ளிவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?" என்று அஞ்சலை கேட்டதற்கு ஃபாங் இல்லை என்று தலையசைத்தார். இருவருக்கும் தெரிந்ததுதான். ஓர் அரசரின் ஆணையை அந்த அரசரைத் தவிர யாரும் மாற்ற முடியாது. மற்றவை எல்லாம் தந்தை வழிக்கு மீண்டாலும், இது மட்டும் தந்தைக்கு எதிரான சட்டமாகப் பொறிக்குத் தெரியவில்லை, அரசரின் சொல்லுக்கு மதிப்புத் தரும் சட்டமாகவே தெரிந்தது. பொறியை நிறுத்திவிட்டால் கடைசி ஆணைகள் புத்தாண்டுவரை அப்படியே நிற்கும். புத்தாண்டுக்குப் பதினெட்டு பூமி வருடம் இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வருந்த வைத்தாள், சரி. எதற்கு வருந்துவது என்பதை ஆயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன அரசர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அவள் ஆட்சிநீட்டியின் முன் மண்டியிட்டாள்.

"பேரரசே, அந்தக் கைதிகள் தங்களுக்கு என்ன தீங்கு செய்தார்கள்?"

"அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. நான் செய்தேன். அதனால்தான் திருத்திக்கொள்கிறேன்."

"அவர்களில் ஒருவர் என் கணவர். அவருக்குப் பாதி நுரையீரல்தான் இருக்கிறது. கீழே போனால் பிழைக்கமாட்டார்."

குரல் தழுதழுத்தது. நடிப்பல்ல. அந்த மனிதர் உயிரோடு இருந்தாலும் அப்படித்தான் தழுதழுத்திருப்பார். அந்த அளவுக்குப் பொறி சரியாகவே வேலை செய்தது.

"அழாதே, பெண்ணே. உன் துயரமும் என் பழிதான். அவர் பெயரைச் சொல். அவருக்காக நான் நோன்பு இருக்கிறேன். இன்றிலிருந்து எனக்குச் சோறு வைக்கவேண்டாம்."

பணியாள் ஒருவன் வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான். வெளியே ஒலிபெருக்கியில் அந்தச் செய்தி போனதும் மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேரரசர் கைதிகளுக்காகப் பட்டினி கிடக்கிறாராம். அவரைத் திட்ட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சன்னாசியை அழைத்துப்போக இரண்டு காவலர்கள் வந்தார்கள். இருவரும் கீழ்வளையத்துப் பிள்ளைகள்தான். அவர்களில் ஒருவன் அந்தப் பிரசவ விடுதியில் பிறந்தவன். அவனுக்கு அது தெரியுமோ என்னவோ, சன்னாசியின் கையைப் பிடிக்காமல் பக்கத்தில் நடந்தான்.

"மாமா, மெதுவா வாங்க. அவசரம் இல்ல."

சன்னாசி வாசலில் நின்று அஞ்சலையைப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விடவில்லை.

"நான்தான் பண்ணேன். நான்தான் ஒன்ன அனுப்புறேன்," என்றாள்.

"நீ மூச்சு குடுக்கணும்னுதான பண்ண. கெடைச்சுது லா. பாரு, நல்லா வருது." நெஞ்சு நிறைய இழுத்து விட்டுக் காட்டினான். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தான். காவலர்களோடு நடந்தான். சுரங்கத்துக்கு இறங்கும் மின்தூக்கியின் கதவு மூடும்வரை அஞ்சலை தெருவில் நின்றாள்.

அடுத்த வாரம் காற்றுத்துறை ஆள் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், அவளைக் கண்டதும் விறைத்து நின்றான். பதவிக்கேற்ற காற்று மறுபடி அமலுக்கு வந்துவிட்டது. ஆட்சிநீட்டியின் தலைமைக் காப்பாளர் முதல் வகுப்பு அதிகாரி. அவள் எங்கே குடியிருந்தாலும் மேல்வளையத்துக் காற்று அவளுக்கு வந்துசேரவேண்டும். பக்கத்து வீடுகளில் அன்று காலையிலிருந்தே குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தன.

அவன் சுவரைத் துளைத்துப் புதுக்குழாயைப் பொருத்தினான். திருகைத் தொட்டபடி திரும்பிப் பார்த்தான்.

"ஆளுக்குத் தக்கபடி தெறந்து வைக்கணும் அக்கா. வீட்ல எத்தனை பேரு?"

அஞ்சலை சுவரோரம் சன்னாசி சாய்ந்து உட்காரும் இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு," என்றாள்.

அவன் இரண்டு பேருக்குத் திறந்துவைத்துவிட்டுப் போனான். காற்று அடர்த்தியாக, குளிர்ச்சியாக, கள்ளமில்லாமல் வந்து வீட்டை நிறைத்தது. அவள் மட்டும் உட்கார்ந்து அதைச் சுவாசித்தாள்.